குழந்தை டாக்டர் ஆகணுமா? முதலில் மூச்சை எண்ணுங்கள்!

எட்டு மாதக் குழந்தை. மூன்று நாளாக இருமல், லேசான காய்ச்சல். பால் குடித்துவிட்டு அம்மா மடியில் அரைத்தூக்கத்தில் கிடக்கிறது. டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை இன்னும் எடுக்கவில்லை. சட்டையை மெல்ல மார்புக்கு மேலே ஏற்றிவிட்டு, கைக்கடிகாரத்தை வயிற்றுக்கு நேரே பிடித்துக்கொண்டு வாய்க்குள்ளேயே எண்ணுகிறார். வயிறு ஒரு முறை எழும்பி இறங்கினால் ஒன்று. இப்படி முழுசாக ஒரு நிமிடம். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கிவிட முடியாது. பச்சைக் குழந்தையின் மூச்சு சீராக ஓடாது. சட்டென வேகமெடுக்கும், சட்டென நிதானமாகும். நடுவில் குழந்தை அழுதுவிட்டால் அந்தக் கணக்கும் செல்லாது. அழுகை அடங்கும்வரை காத்திருந்து மறுபடியும் முதலில் இருந்து எண்ண வேண்டும்.

2 மாதம் முதல் 1 வயதுக்குள் இருக்கும் குழந்தை நிமிடத்துக்கு 50 முறை அல்லது அதற்கு மேல் மூச்சுவிட்டால் அது நிமோனியாவாக இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். 2 மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு இந்த எல்லை 60. 1 முதல் 5 வயது வரை 40. மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தால் நோய் முற்றுகிறது என்று பொருள். இதைக் கண்டுபிடிக்க எக்ஸ்ரே வேண்டாம், ரத்தப் பரிசோதனை வேண்டாம். ஒரு கடிகாரமும் ஒரு நிமிடப் பொறுமையும் போதும். கிராமத்துத் துணை சுகாதார நிலையத்தில் இருக்கும் செவிலியரும் இதே கணக்கைத்தான் போடுகிறார். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் இருக்கும் பேராசிரியரும் இதே கணக்கைத்தான் போடுகிறார்.

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எத்தனையோ பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், சொல்லும் வாக்கியம் இது: “எனக்குக் குழந்தைங்கன்னா ரொம்பப் பிடிக்கும். அதனால குழந்தை டாக்டர் ஆகணும்.” நல்ல ஆசை. இதைச் சொல்லும் பிள்ளையை யாரும் கிண்டல் செய்யக் கூடாது. ஆனால் அந்த வேலை உள்ளே எப்படி இருக்கும், அங்கே போய்ச் சேர எத்தனை வருஷம் ஆகும், டாக்டர் சீட் கிடைக்காவிட்டால் அந்த ஆசையை என்ன செய்வது என்பதையெல்லாம் நாம் அவர்களுக்குச் சொல்வதில்லை. கட்-ஆஃப் பற்றி மட்டும் பேசிவிட்டு விட்டுவிடுகிறோம். இந்தக் கட்டுரை அந்த மிச்சத்தைப் பற்றியது.

உச்சி உள்ளே போயிருக்கு, டாக்டர்!

குழந்தை மருத்துவத்தில் நோயாளி பேசுவதில்லை. பேசுவது அம்மா, அதைவிட அதிகமாகப் பாட்டி. “சீர் தட்டியிருக்கு”, “மாந்தம்”, “குடலேத்தம்”, “மேலு காயுது”, “உச்சி உள்ளே போயிருக்கு” என்று ஊருக்கு ஊர் ஒரு சொல். புதிதாக ஓ.பி.யில் உட்காரும் இளம் டாக்டருக்கு இது முதலில் மூடநம்பிக்கையாகப்படும். அப்படி ஒதுக்கித் தள்ளுவது பெரிய தப்பு. உச்சிக்குழி உள்வாங்கியிருக்கிறது என்று பாட்டி சொன்னால், வயிற்றுப்போக்கில் குழந்தையின் உடலில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். மருத்துவப் புத்தகத்தில் எழுதியிருக்கும் அடையாளத்தைத்தான் அவர் வேறு பெயரில் சொல்கிறார். பாட்டியின் கண் சரியாகப் பார்த்திருக்கிறது. அவர் தேடிப்போகும் வைத்தியம்தான் சில நேரம் தவறாகிவிடுகிறது.

தேனைத் தொட்டு வைப்பது, சேனை என்று சர்க்கரைத் தண்ணீர் வைப்பது, சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே ஊற்றுவது, தொக்கம் எடுக்கிறோம் என்று தொண்டைக்குள் விரல் விடுவது - இவையெல்லாம் இன்றும் நம் ஊர்களில் நடக்கின்றன. ஒரு வயதுக்குள் தேன் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி சிசுவின் நரம்பையே முடக்கிவிடும். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கொடுக்க வேண்டும். அந்த மஞ்சள் நிறச் சீம்பால் நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்தது. இதைப் பாட்டியிடம் எப்படிச் சொல்வது? “யாரு இதெல்லாம் பண்ணச் சொன்னது?” என்று ஒரு முறை அதட்டிவிட்டால் போதும், அந்தக் குடும்பம் அடுத்த முறை உண்மையைச் சொல்லாது. குழந்தைக்கு என்ன கொடுத்தார்கள் என்பதே டாக்டருக்குத் தெரியாமல் போய்விடும். குழந்தையை நேசிக்கிறவர் நிறையப் பேர் கிடைப்பார்கள். குழந்தையின் பாட்டியை மதிக்கத் தெரிந்தவர்தான் இந்த வேலைக்கு வேண்டும்.

கிலோவுக்கு எத்தனை?

இந்தத் துறைக்குக் கணக்கு எவ்வளவு வேண்டும் என்பது வெளியில் தெரிவதில்லை. பெரியவர்களுக்கு “காலை ஒன்று, இரவு ஒன்று” என்று எழுதிவிடலாம். குழந்தைக்கு எல்லாமே கிலோ கணக்கு. அதனால்தான் குழந்தைகள் வார்டில் எடை மெஷின் வாசலிலேயே இருக்கிறது.

வீட்டுக்கு வீடு இருக்கும் பாராசிட்டமாலையே எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று வைத்தால், 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம். 5 மில்லியில் 125 மில்லிகிராம் இருக்கும் சிரப் என்றால் 6 மில்லி கொடுக்க வேண்டும். 5 மில்லியில் 250 இருக்கும் சிரப் என்றால் 3 மில்லி. கைக்குழந்தைக்கான டிராப்ஸில் ஒரே மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். அதில் ஒன்றரை மில்லி போதும். மூன்றும் பாராசிட்டமால்தான். மூன்றும் இனிப்பாகத்தான் இருக்கும். “போன தடவை 6 மில்லி கொடுத்தோமே” என்று அம்மா டிராப்ஸ் பாட்டிலில் இருந்து 6 மில்லி ஊற்றிவிட்டால், குழந்தைக்குள் போவது நான்கு மடங்கு மருந்து. அது கல்லீரலைப் பாதிக்கலாம். மருந்துச் சீட்டில் பெயரை மட்டும் எழுதாமல் எந்த பாட்டில், எத்தனை மில்லி, எத்தனை மணி நேரத்துக்கு ஒரு முறை என்று எழுதி, மூடியில் கோடு போட்டுக் காட்டி அனுப்புகிறவர்தான் நல்ல குழந்தை மருத்துவர். அந்த இரண்டு நிமிடத்துக்கு யாரும் ஃபீஸ் கொடுப்பதில்லை.

குறைமாதத்தில் பிறந்த 1 கிலோ சிசுவின் உடலில் இருக்கும் மொத்த ரத்தமே ஏறக்குறைய 90 மில்லிதான். அதற்கு டெஸ்ட் எடுக்கும்போது ஒவ்வொரு மில்லியையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

மருந்தின் தரம் கெட்டால் என்ன ஆகும் என்பதை 2025 செப்டம்பர், அக்டோபரில் நாடே பார்த்தது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். இறந்தவர்கள் 20 பேருக்கும் மேல். அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். டைஎத்திலீன் கிளைக்கால் என்ற தொழிற்சாலை ரசாயனம் அதில் 48.6 சதவீதம் இருந்ததைக் கண்டுபிடித்ததும் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஆய்வுதான். அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். குழந்தைகளின் உயிரைக் காப்பாற்றும் வேலை வார்டுக்குள் மட்டும் நடப்பதில்லை. மருந்துத் தொழிற்சாலைக்குள் போய் மாதிரி எடுக்கும் மருந்து ஆய்வாளர், அதை லேபில் சோதிக்கும் பகுப்பாய்வாளர், இவர்களும் குழந்தை நலத் துறைக்காரர்கள்தான். பார்மசி படிக்கும் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

வார்டுக்கு வெளியே சாதித்தவர்கள்

1971. வங்கதேசப் போர். மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா. ஆஸ்பத்திரித் தரையில் வாந்தி, பேதிக்கு நடுவே நோயாளிகள் கிடந்தார்கள். சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. திலீப் மகாலனாபிஸ் என்ற குழந்தை மருத்துவர் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் மூன்றையும் அளவாகக் கலந்து டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் சொந்தக்காரர்களையே எடுத்துக் கொடுக்கச் சொன்னார். வாய்வழியாகத் தண்ணீர் கொடுத்துக் காலராவைச் சமாளிக்கலாம் என்பதை அன்றைய மருத்துவ உலகில் பலர் நம்பவில்லை. அவருடைய முகாமில் இறப்பு 30 சதவீதத்தில் இருந்து 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. இன்று நம் அங்கன்வாடியில் இலவசமாகக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்குப் பின்னால் இருப்பது அந்த டிரம்தான். 2022-ல் அவர் மறைந்த பிறகுதான் பத்ம விபூஷண் வந்தது.

அதே ஓ.ஆர்.எஸ். பெயரை ஒட்டிக்கொண்டு சர்க்கரை மிகுந்த பானங்கள் மருந்துக் கடைகளிலேயே விற்கப்பட்டன. வயிற்றுப்போக்கில் இருக்கும் குழந்தைக்கு அவற்றைக் கொடுத்தால் போக்கு இன்னும் அதிகமாகும். ஐதராபாத்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் ஏறக்குறைய 8 ஆண்டு இதற்காகப் போராடினார். 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பானங்களின் பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற சொல்லையே பயன்படுத்தக் கூடாது என்று உத்தரவு போட்டது.

வேலூரில் டி.ஜேக்கப் ஜான். குழந்தை மருத்துவர், வைரஸ் ஆய்வாளரும்கூட. போலியோ சொட்டு மருந்தை மூன்று முறை கொடுத்தும் நம் ஊர்க் குழந்தைகளுக்குப் போதுமான எதிர்ப்புச் சக்தி வரவில்லை என்பதை வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இருந்து ஆய்ந்து சொன்னவர். வெளிநாட்டுக் கணக்கு இங்கே பொருந்தாது, நம் பிள்ளைகளுக்கு இன்னும் கூடுதல் தவணை வேண்டும் என்று விடாமல் வாதாடினார். இந்தியாவின் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரி 13-ல் பதிவானது. 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழ் வந்தது.

இந்த மூவரும் எதிரில் இருந்த குழந்தையைப் பார்த்ததோடு நிறுத்தவில்லை. இதே நோயோடு நாளைக்கும் ஒரு குழந்தை ஏன் வருகிறது என்று கேட்டார்கள். இந்தத் துறைக்கு ஆசைப்படும் பிள்ளைகளிடம் நான் எதிர்பார்ப்பது அந்தக் கேள்வியைத்தான்.

எத்தனை வருஷம்?

நேராகச் சொல்லிவிடுவோம். நீட் தேர்வில் 180 கேள்வி, 720 மதிப்பெண்; அதில் பாதி உயிரியல். தேறி சீட் கிடைத்தால் எம்.பி.பி.எஸ். நான்கரை ஆண்டு, அதன் பிறகு ஓராண்டு பயிற்சி மருத்துவர். அடுத்து முதுநிலை நீட். எம்.டி. குழந்தை மருத்துவம் 3 ஆண்டு. இரண்டாண்டு டிப்ளமோ வழியும் உண்டு. பச்சிளங்குழந்தை மருத்துவத்தில் டி.எம். வேண்டுமானால் இன்னும் 3 ஆண்டு. நடுவில் தேர்வுக்குப் படிக்கும் காலத்தைச் சேர்க்காமலே, 18 வயதில் உள்ளே போகிறவர் குழந்தை மருத்துவர் என்று போர்டு மாட்ட 27 ஆகிவிடும்.

6-ம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. இதில் சேர்கிறவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கிறது. கூலி வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள் இன்று அரசு மருத்துவக் கல்லூரியில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றால் இந்தச் சட்டம் முக்கியக் காரணம். அவர்கள் திரும்பித் தங்கள் தாலுகா ஆஸ்பத்திரிக்கே வந்தால், பாட்டி சொல்லும் “சீர்” அவர்களுக்கு யாரும் விளக்காமலே புரியும்.

படிப்பின் கஷ்டம் ஒரு பக்கம். இன்னொரு கஷ்டத்தையும் மறைக்கக் கூடாது. குழந்தைகள் இறப்பார்கள். எவ்வளவு நல்ல மருத்துவமனையிலும் இறப்பார்கள். வாசலில் நிற்கும் அப்பாவிடம் போய் அதைச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அடுத்த படுக்கைக்கு ட்ரிப் போடப் போக வேண்டும். இதை எப்படித் தாங்குவது என்று எந்தக் கல்லூரியிலும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுப்பதில்லை. பயிற்சி மருத்துவர்களும் நர்சுகளும் தனியாக அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருகிறார்கள். அவர்களுக்கென்று ஒரு மனநல ஆலோசகர் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் இருக்க வேண்டும். இது சலுகை அல்ல, நோயாளியின் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

நர்ஸ் என்றால் இளக்காரமா?

என் மனதில் உள்ளதை இங்கேதான் சொல்ல வேண்டும். “டாக்டர் சீட் கிடைக்கலை, அதனால நர்சிங் சேர்ந்துட்டா” என்று சொந்தக்காரர்கள் பரிதாபமாகச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. அப்படிப் பேசுகிறவர்கள் ஒரு நாளாவது பச்சிளங்குழந்தைகள் சிறப்புப் பராமரிப்புப் பிரிவின் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும்.

ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகளில் பெரும்பாலோர் பிறந்த முதல் 28 நாளுக்குள் இறக்கிறார்கள். அந்த 28 நாளைக் கடத்திவிடத்தான் மாவட்டம்தோறும் இந்தப் பிரிவுகள். உள்ளே வெதுவெதுப்பான கருவியின் கீழே 1,200 கிராம், 1,400 கிராம் என்று சிசுக்கள். டாக்டர் ரவுண்ட்ஸ் வந்து பார்த்து, எழுதிவிட்டுப் போகிறார். அதன் பிறகு இரவும் பகலும் அந்தச் சிசுவோடு இருப்பது நர்ஸ். மூக்கு வழியாக வயிற்றுக்குள் போகும் மெல்லிய குழாயில் 5 மில்லி தாய்ப்பாலைச் சிரிஞ்சை உயரப் பிடித்து, அழுத்தாமல், தானாகவே இறங்கும்படி விடுகிறார். தோலின் நிறம் லேசாக மாறினால் முதலில் தெரிவது அவருக்கு. மூச்சு நின்றால் உள்ளங்காலைச் சுண்டித் தூண்டிவிடுவதும் அவர்தான். ஒரு குழந்தையைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்த குழந்தையைத் தொட்டால் தொற்று பரவிவிடும் என்பதால் ஒரே ஷிஃப்ட்டில் கணக்கில்லாமல் கை கழுவுகிறார். தோல் வெடித்துப்போன அந்தக் கைகள்தான் நம் மாநிலத்தின் சிசு மரண விகிதத்தைக் குறைத்த கைகள். 2020-ம் ஆண்டுக் கணக்கின்படி 1,000 குழந்தைகளுக்கு அகில இந்திய அளவில் 28 சிசு மரணம், தமிழ்நாட்டில் 13.

எடை குறைந்த சிசுவை அம்மாவின் மார்போடு தோலோடு தோல் ஒட்டக் கட்டி வைக்கும் கங்காரு பராமரிப்பையும் அம்மாக்களுக்குச் சொல்லிக்கொடுப்பது நர்சுகளே. 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் போதாமல் தவித்தபோது டாக்டர்கள் தொடங்கிய முறை அது. தயங்கும் பதினெட்டு வயதுத் தாயை உட்காரவைத்து, சேலையைச் சரிசெய்து, குழந்தையின் கழுத்து மடங்காமல் வைத்துக்காட்டி, “பயப்படாதே, மூச்சு விடும்மா” என்று பக்கத்தில் இருப்பது நர்ஸ்.

பி.எஸ்சி. நர்சிங் 4 ஆண்டு. தமிழகத்தில் இதுவரை பிளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில்தான் சேர்க்கை நடந்துவருகிறது. வீட்டோடு கிராமத்திலேயே வேலை செய்ய விரும்புகிறவர்களுக்குக் கிராம சுகாதார செவிலியர் பணி இருக்கிறது. சமவெளியில் 5,000 பேருக்கு, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். கர்ப்பம் பதிவானதில் இருந்து குழந்தையின் தடுப்பூசி முடியும்வரை ஒரே செவிலியர் கண்ணில் அந்தக் குடும்பம் இருக்கும். எந்த டாக்டருக்கும் கிடைக்காத வாய்ப்பு அது.

காது கேளாமல் பிறந்த குழந்தைக்கு முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். கருவி பொருத்தியதும் பேச்சு வந்துவிடாது. மாதக்கணக்கில் உட்கார்ந்து “பா... மா...” என்று பேச்சுப் பயிற்சியாளர் பழக்க வேண்டும். அங்கன்வாடிகளுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளிகளுக்கு ஒரு முறை போகும் பள்ளிச் சிறார் மருத்துவக் குழு, இதயத்தில் ஓட்டை, பிளவு உதடு, பார்வைக் குறை என்று கண்டறிந்து மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு சேவை மையத்துக்கு அனுப்புகிறது. அங்கே பிசியோதெரபிஸ்ட், உளவியலாளர், சிறப்புக் கல்வியாளர் என்று ஒரு கூட்டமே வேலை செய்ய வேண்டும். ஆள் போதவில்லை என்ற பேச்சுதான் எங்கேயும்.

ஆசைப்படும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. புதன்கிழமை தடுப்பூசி நாள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், அனுமதி கேட்டு, ஒரு முற்பகல் முழுக்க நின்று பாருங்கள். அழும் குழந்தையை, அதட்டும் மாமியாரை, எடை பார்த்து ஊசி போட்டு அட்டையில் எழுதும் செவிலியரைப் பாருங்கள். சத்தம் எரிச்சலைத் தந்தால் வேறு துறை தேடலாம், தப்பில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவிலும் ஒரு குழந்தையின் மூச்சை எண்ணத் தோன்றினால், நீட் மதிப்பெண் எவ்வளவு வந்தாலும் இந்தத் துறையில் உங்களுக்கு இடம் உண்டு.

பெற்றோருக்கு: நர்சிங்கையும் தெரபியையும் இரண்டாம் பட்சம் என்று பிள்ளை காதுபடப் பேசாதீர்கள்.

அரசுக்கு: சிசுக்களின் உயிரைக் கையில் வைத்திருக்கும் நர்சுகள் பலர் இன்னும் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில், பணி நிரந்தரம் கேட்டுத் தெருவில் உட்காரும் நிலையில் இருக்கிறார்கள். பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பயிற்சி பெற்றவர்களையாவது முதலில் நிரந்தரமாக்குங்கள். பழகிய கையை இழந்தால் அடுத்த கை பழகும்வரை குழந்தைகள் காத்திருக்க மாட்டார்கள்.